அரசு இணையச் சேவைகள்: மக்கள் பயன்படுத்துவதும் தயங்குவதும் எதனால்?

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா, வில்லங்கச் சான்று, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், குடும்ப அட்டை, கல்வி உதவித்தொகை, ஹஜ் விண்ணப்பம் என்று ஒரு குடும்பத்துக்கு அரசிடமிருந்து தேவைப்படும் பெரும்பாலான வேலைகள் இன்று இணையத்தில்தான் தொடங்குகின்றன. தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரின் இடத்தை இ-சேவை மையமும், தெருமுனை ஜெராக்ஸ் கடையும் பிடித்துக்கொண்டுவிட்டன.

ஆனாலும் ஒரு முரண்பாடு நம் கண்முன்னே இருக்கிறது. வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் மணிக்கணக்கில் இருப்பவர்கள், கைப்பேசியில் பணம் அனுப்பத் தெரிந்தவர்கள், அரசு விண்ணப்பம் என்று வந்ததும் அடுத்தவர் கையை எதிர்பார்க்கிறார்கள். இதைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ ஒதுக்கிவிட முடியாது. இதற்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். கடைசித் தேதி தவறிய ஒரு விண்ணப்பத்தால் பிள்ளையின் ஓராண்டு உதவித்தொகை போய்விடும் என்பதால், நம் குடும்பங்களும் இந்தக் காரணங்களைத் தெரிந்துகொள்வது அவசியம்.

சுருக்கமான பின்னணி

மத்திய அரசின் தேசிய மின் ஆளுமைத் திட்டம் 2006 மே மாதம் ஒப்புதல் பெற்றது. சாதாரண மக்கள் தங்கள் பகுதியிலேயே அரசு சேவைகளைப் பெற வேண்டும் என்பது அதன் நோக்கம். நாடு முழுவதும் பொதுச் சேவை மையங்கள் உருவானது இதன் வழியாகத்தான். 2010-இல் சோதனை முறையில் தொடங்கிய பாஸ்போர்ட் சேவைத் திட்டம் 2012-க்குள் நாடு முழுவதும் பரவியது. 2015 ஜூலையில் டிஜிட்டல் இந்தியா திட்டம் தொடங்கப்பட்டது. டிஜிலாக்கரும் அதே ஆண்டில் வந்தது. பல துறைகளின் சேவைகளை ஒரே செயலியில் தரும் 'உமங்' 2017 நவம்பரில் அறிமுகமானது.

தமிழ்நாட்டில் மின் ஆளுமை முகமை இ-சேவைப் பணிகளை ஒருங்கிணைக்கிறது. அரசு கேபிள் டிவி நிறுவனம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள், தனியார் தொழில்முனைவோர் எனப் பலர் இ-சேவை மையங்களை நடத்துகிறார்கள். பத்திரப் பதிவுத் துறையின் புதிய மென்பொருள் 2018-இல் நடைமுறைக்கு வந்தது. வில்லங்க விவரத்தை வீட்டிலிருந்தே கட்டணமின்றிப் பார்க்கும் வசதி இப்போது இருக்கிறது.

ஆய்வாளர்கள் சொல்வது என்ன?

ஒரு புதிய தொழில்நுட்பத்தை மனிதர்கள் எப்போது ஏற்கிறார்கள் என்பதற்கு 1989-இல் ஃபிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் எளிய விளக்கம் ஒன்றைத் தந்தார். 'இது எனக்குப் பயன்படுமா?', 'இதைக் கையாள்வது எளிதா?' என்ற இரண்டு கேள்விகளுக்கு மனதில் கிடைக்கும் பதிலே முடிவைத் தீர்மானிக்கிறது என்றார். 2003-இல் விஸ்வநாத் வெங்கடேஷும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் இதை விரிவாக்கினார்கள். கிடைக்கும் பலன், எடுக்க வேண்டிய முயற்சி, சுற்றியிருப்பவர்களின் செல்வாக்கு, உதவியாக அமையும் வசதிகள் ஆகிய நான்கையும் அவர்கள் முன்வைத்தார்கள். வயது, பாலினம், முன் அனுபவம் ஆகியவை இவற்றின் தாக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன.

அரசு சேவைகளைக் குறித்து மட்டும் ஆராய்ந்த லெமூரியா கார்ட்டர், பிரான்ஸ் பெலாஞ்சே ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று அம்சங்கள் முக்கியமாகத் தெரிந்தன. அவை: எளிமை, நம் வழக்கமான வாழ்க்கை முறையோடு பொருந்துதல், நம்பகத்தன்மை. கடையில் பொருள் வாங்குவதற்கும் அரசிடம் சான்றிதழ் வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு இந்த மூன்றாவது அம்சத்தில்தான் இருக்கிறது. ஒரு கடை பிடிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போகலாம். அரசு ஒன்றுதான்.

இந்தக் காரணங்கள் நம் ஊர்களில் எப்படி வேலை செய்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. உண்மையான பயன் கிடைக்கிறதா?

தினக்கூலிக்குச் செல்பவருக்கு அலுவலகத்துக்கு ஒரு நடை என்பது ஒரு நாள் சம்பளம். அந்த நடை மிச்சமானால் இணையச் சேவையை அவர் தேடி வருவார். பாஸ்போர்ட் சேவை வெற்றி பெற்றதற்குக் காரணம் இதுவே. இணையத்தில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, தேதியும் நேரமும் பெற்று, ஒரு முறை நேரில் போனால் போதும் என்ற நிலை வந்தது. கைரேகை, புகைப்படம், போலீஸ் விசாரணை ஆகியவை இன்னும் நேரில்தான் நடக்கின்றன. ஆனாலும் எப்போது போக வேண்டும், எதைக் கொண்டுபோக வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

வருவாய்த் துறைச் சான்றிதழ்களில் நிலைமை வேறு. விண்ணப்பம் இணையத்தில் போனாலும், அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், மண்டலத் துணை வட்டாட்சியர் என்ற வரிசையில்தான் நகர்கிறது. இடையில் யாராவது 'நேரில் வந்து பாருங்கள்' என்று சொல்லிவிட்டால், விண்ணப்பித்தவருக்கு அலைச்சல் மிச்சமாகவில்லை. முன்பு அலுவலகத்துக்கு மட்டும் போனவர், இப்போது கடைக்கும் அலுவலகத்துக்கும் போகிறார். இந்த அனுபவம் ஒரு முறை ஏற்பட்டால் போதும், அடுத்த முறை அவர் நேராக 'ஆளைப் பிடிக்க'த்தான் போவார். முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பின்னால் இருக்கும் அலுவலகம் மாறாவிட்டால் மக்கள் மாறமாட்டார்கள்.

2. எளிமையும் மொழியும்

அரசு இணையதளங்களில் மக்களைத் திணறடிப்பவை சின்ன விஷயங்கள்தான். புகைப்படம் இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும், ஆவணம் பிடிஎஃப் ஆக இருக்க வேண்டும், பாதி நிரப்பும்போது நேரம் முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு, பணம் போய்விட்டது ஆனால் ரசீது வரவில்லை என்பன போன்றவை. தமிழ்நாட்டு இ-சேவையில் விண்ணப்பிக்க முதலில் 'கேன்' என்ற குடிமக்கள் கணக்கு எண் வேண்டும். இதை அறியாமல் நேராகப் படிவத்தைத் தேடுபவர்கள் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

மொழியின் முக்கியத்துவத்துக்குக் கொரோனா தடுப்பூசிக்கான 'கோவின்' தளம் நல்ல உதாரணம். 2021 மே மாதம் 18 முதல் 44 வயதினருக்குத் தடுப்பூசி திறக்கப்பட்டபோது இணைய முன்பதிவு கட்டாயமாக இருந்தது. தளமோ ஆங்கிலத்தில் இருந்தது. கைப்பேசியும் ஆங்கிலமும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வியை உச்ச நீதிமன்றமே எழுப்பியது. பிறகு அரசு மையங்களில் நேரில் பதிவு செய்ய அனுமதி வந்தது; ஜூன் மாதத்தில் மாநில மொழிகளும் சேர்க்கப்பட்டன.

3. நம்பிக்கை

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அரசின் மீதான நம்பிக்கை: நான் தரும் தகவலை வேறு எதற்காவது பயன்படுத்துவார்களா, விண்ணப்பத்தை நேர்மையாகப் பரிசீலிப்பார்களா? இன்னொன்று, இணையத்தின் மீதான நம்பிக்கை: இது உண்மையான தளமா, என் பணம் பத்திரமா?

இரண்டாவது அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. பாஸ்போர்ட் பெயரில் இயங்கும் போலித் தளங்களைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் எச்சரித்திருக்கிறது. சாதாரண முறையில் 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய். போலித் தளங்கள் இதைவிட அதிகம் வாங்கிக்கொண்டு ஏமாற்றுகின்றன. இந்திய அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் 'கவ் டாட் இன்' அல்லது 'நிக் டாட் இன்' என்று முடியும் என்பதை வீட்டில் அனைவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதல் வகை நம்பிக்கையைச் சட்டமும் நடைமுறையும் சேர்ந்துதான் வளர்க்க முடியும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கில் அதன் பயன்பாட்டுக்குச் சில எல்லைகளை வகுத்தது. தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. சட்டம் இருந்தும், ஆதார் நகலைக் கேட்கும் இடமெல்லாம் கொடுத்துவிட்டு வரும் பழக்கம் நம்மிடம் மாறவில்லை. எண்ணின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்துத் தரும் ஆதார் நகலை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே பதிவிறக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

4. கைப்பேசி யாருடையது?

வீட்டில் கைப்பேசி இருக்கிறது என்பதாலேயே எல்லோருக்கும் இணைய வசதி இருக்கிறது என்று சொல்ல முடியாது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒரு முறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் சுமார் 33 சதவீதம். ஆண்கள் சுமார் 57 சதவீதம். இந்த இடைவெளி அதன்பிறகு குறைந்திருக்கலாம், ஆனால் மறைந்துவிடவில்லை.

நம் குடும்பங்களில் இதற்கு ஒரு தனி முகம் உண்டு. கணவர் வளைகுடாவில் இருப்பார். மனைவி, பிள்ளைகள் எல்லோருடைய ஆதாரிலும் அவருடைய பழைய இந்திய எண்தான் இணைந்திருக்கும். அந்த சிம் ரீசார்ஜ் செய்யப்படாமல் முடங்கிப்போயிருக்கும். ஓடிபி வராது; ஓடிபி வராவிட்டால் எதுவும் நகராது. கணவரை இழந்த பெண்களுக்கு இது இன்னும் கடுமை. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில்தான் தன் பெயரில் ஒரு எண்கூட இல்லை என்பது தெரியவருகிறது. ஒவ்வொரு முறையும் தம்பியிடமோ கொழுந்தனிடமோ ஓடிபி கேட்டு நிற்க வேண்டிய பெண், வேண்டாம் என்று விட்டுவிடுவது இயல்பு. பார்ப்பவர்களுக்கு அது தயக்கமாகத் தெரியும். ஆனால் அவரிடம் இல்லாதது ஒரு சிம் கார்டுதான்.

5. பெயரும் ஆவணமும்

கணினிக்கு ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு ஆள். 'முஹம்மது' என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் 'ஓ' போட்டு ஒரு ஆவணத்திலும், 'யு' போட்டு இன்னொன்றிலும், 'எம்டி' என்று சுருக்கி மற்றொன்றிலும் எழுதியிருப்பார்கள். பெண்களின் பெயரில் பீவி, பேகம், பானு, நாச்சியார் என்பவை ஓர் ஆவணத்தில் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா, அதை விரித்து எழுத வேண்டுமா என்ற குழப்பம் வேறு. மேசைக்கு எதிரே இருந்த பழைய எழுத்தர் ஆளைப் பார்த்துப் புரிந்துகொள்வார். இணையப் படிவம் 'பொருந்தவில்லை' என்று மட்டும் சொல்லும்.

சாதிச் சான்றிதழிலும் இதே நிலைதான். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதற்கான பட்டியலில் அன்சர், தக்கனி, துதேகுலா, லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவுகள் உள்ளன. ராவுத்தர், மரைக்காயர் ஆகியோர் லெப்பை என்ற பிரிவுக்குள் வருகிறார்கள். தந்தையின் பள்ளிச் சான்றிதழில் வெறுமனே 'முஸ்லிம்' என்று இருந்தால், இணையத்தில் எதைத் தேர்வு செய்வது என்று தெரியாமல் குடும்பம் திகைக்கிறது. கடைக்காரர் தன் போக்கில் ஒன்றைத் தேர்வு செய்துவிடுகிறார்.

நிறுவனங்களின் பழைய ஆவணங்களுக்கும் இது பொருந்தும். வக்ஃப் சொத்துகளைப் பதிவேற்றுவதற்கான 'உமீத்' தளம் 2025 ஜூன் 6 அன்று தொடங்கப்பட்டு, ஆறு மாதக் காலம் தரப்பட்டது. பழைய பத்திரம், வருவாய்த் துறை ஆவணம், நில அளவு ஆகிய மூன்றும் ஒத்துப்போகாத இடங்களில் முத்தவல்லிகள் திணறினார்கள். கடைசி நாட்களில் தளத்தின் வேகம் குறித்துப் பரவலாகப் புகார் எழுந்தது. கணினி இயக்கத் தெரிந்தவர் இருந்தாலும் ஆவணம் தயாராக இல்லையென்றால் இணையம் கைகொடுக்காது என்பதற்கு இது அண்மைக்காலச் சான்று.

6. சுற்றியிருப்பவர்கள்

மனிதர்கள் விளம்பரத்தைப் பார்த்து மாறுவதைவிட, பக்கத்து வீட்டுக்காரர் செய்துகாட்டியதைப் பார்த்து மாறுவதே அதிகம். ஹஜ் விண்ணப்பம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஹஜ் பயணிகளில் முதியவர்கள் கணிசமானவர்கள். ஆனாலும் ஹஜ் கமிட்டி விண்ணப்பங்கள் முழுமையாக இணையத்துக்கு மாறியபோது அவர்கள் ஒதுங்கிவிடவில்லை. ஊர் ஜமாஅத், பள்ளிவாசல் அறிவிப்பு, முன்பு ஹஜ் செய்தவர்கள், பேரப்பிள்ளைகள் என்று அவர்களைச் சுற்றி உதவும் வட்டம் ஒன்று தானாக அமைந்தது. ஆர்வமும் துணையும் சேர்ந்தால் வயது பெரிய தடையாக இருப்பதில்லை.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்திலும் இதைக் கண்டோம். 2023-இல் விண்ணப்பங்கள் நியாயவிலைக் கடைகள் வழியாக வீடுகளுக்கு வந்தன. முகாம்களில் தன்னார்வலர்கள் விவரங்களைப் பதிவேற்றினார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் பயன்பெற்றார்கள். பதிவு நடந்தது கணினியில். ஆனால் பெண்களை முகாமுக்கு அழைத்து வந்தது தெரிந்த முகங்கள்.

7. கட்டாயமா, விருப்பமா?

ஐ.நா.வின் மின் ஆளுமைத் தரவரிசையில் 2018 முதல் 2024 வரை தொடர்ந்து முதலிடம் பெற்ற நாடு டென்மார்க். அங்கு 2014 நவம்பர் முதல் அரசுக் கடிதங்களை மின்னஞ்சல் பெட்டியில் பெறுவது கட்டாயமானது. இயலாதவர்களுக்கு விலக்கும் உண்டு. எஸ்டோனியா 2002 முதல் ஒவ்வொரு குடிமகனுக்கும் மின்னணு அடையாள அட்டை வழங்கி, துறைகளை ஒன்றோடொன்று இணைத்தது. ஒரு துறையிடம் கொடுத்த தகவலை இன்னொரு துறை மறுபடி கேட்பதில்லை என்பதே அங்கு மக்கள் ஈர்க்கப்பட்டதற்கு முக்கியக் காரணம்.

வளைகுடாவில் வேலை செய்யும் நம் சகோதரர்களுக்கு இது புதிதல்ல. சவூதியின் 'அப்ஷர்', அமீரகத்தின் 'யுஏஇ பாஸ்' ஆகியவற்றை அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். 2024 ஐ.நா. தரவரிசையில் சவூதி அரேபியா 6-ஆவது இடம், இந்தியா 97. அங்கே விசா, வாகனம் என எல்லா வேலைகளையும் கைப்பேசியில் முடிப்பவர், ஊருக்கு வந்ததும் ஒரு வருமானச் சான்றிதழுக்குத் தரகரைத் தேடுகிறார். ஆள் ஒருவர்தான். சுற்றியுள்ள ஏற்பாடு மாறும்போது அவருடைய பழக்கமும் மாறிவிடுகிறது.

மாற்று வழி தராமல் கட்டாயம் மட்டும் விதித்தால், எளியவர்கள் சேவையிலிருந்தே விலக்கப்படுவார்கள். கோவின் அனுபவம் சொன்னது இதைத்தான்.

குடும்பங்கள் செய்ய வேண்டியவை

• வீட்டில் ஒவ்வொருவரின் ஆதாரிலும் எந்தக் கைப்பேசி எண் இருக்கிறது என்று பாருங்கள். பயன்பாட்டில் உள்ள எண்ணாக மாற்றுங்கள். பெண்களுக்கு அவர்கள் கையிலேயே இருக்கும் எண் வேண்டும்.

• பிள்ளைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் ஆதார் கைரேகையைப் புதுப்பிப்பது கட்டாயம். உதவித்தொகை நேரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

• பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை. அதில் எழுதும் எழுத்துக்கூட்டலைப் பெற்றோர் முதலிலேயே முடிவு செய்து, எல்லா ஆவணங்களிலும் அதையே பின்பற்றுங்கள்.

• டிஜிலாக்கரில் துறைகள் நேரடியாக வழங்கும் ஆவணங்கள் அசலுக்குச் சமமானவை என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. முக்கிய ஆவணங்களை அதில் எடுத்துவையுங்கள்.

• கடையில் விண்ணப்பித்தால், அனுப்பும் முன் திரையில் பெயர், பிறந்த தேதி, பிரிவு ஆகியவற்றைப் படித்துப் பாருங்கள். உங்கள் எண்ணையே கொடுங்கள். ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கடவுச்சொல்லைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

• வேலை நகரவில்லை என்றால் முதல்வரின் உதவி எண் 1100-இல் புகார் செய்யலாம். ஆதார் குறித்த சந்தேகங்களுக்கு 1947. பணம் ஏமாற்றப்பட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை

ஒரு கணினி, ஒரு ஸ்கேனர், பயிற்சி பெற்ற இரண்டு இளைஞர்கள், பெண்களுக்கு உதவ ஒரு சகோதரி, வாரத்தில் இரண்டு மாலை வேளைகள். இவ்வளவு இருந்தால் ஒரு மஹல்லாவின் பெரும்பாலான தேவைகளைக் கவனிக்க முடியும். உதவித்தொகை, ஹஜ் போன்றவற்றின் கடைசித் தேதிகளை ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்பதோடு நிறுத்தாமல், அறிவிப்புப் பலகையில் ஆவணப் பட்டியலையும் எழுதிவைக்கலாம். ஆனால் ஒரு ஒழுங்கு வேண்டும். உதவி மையத்தில் யாருடைய ஆதார் நகலையும், கடவுச்சொல்லையும், ஓடிபியையும் சேமித்து வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் கணினியிலிருந்து ஆவணங்களை அழித்துவிட வேண்டும். மக்கள் நம்பித் தருபவை அமானிதம்.

விண்ணப்பத்தை மையத்தில் உள்ளவரே செய்துகொடுத்துவிடுவது சீக்கிரம் முடியும். வந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கையாலேயே செய்யவைப்பதற்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஆனால் அடுத்த ஆண்டு அவர் தன் விண்ணப்பத்தோடு அண்டை வீட்டாரின் விண்ணப்பத்தையும் சேர்த்து முடித்துவிடுவார். உதவி மையத்தை நடத்துபவர்கள் இந்த இரண்டாவது வழிக்கு நேரம் ஒதுக்க வேண்டும்.